ஆனைப்பார் உபதேசியார்

ஆனைப்பாரில் குடியிருந்த பெரிய களவா மீன் முதன்முதலாக வாய் திறந்தபோது அது சொன்னது தர்சீஸுடைய மாமியார் வைக்கும் தேங்காய்ப்பால் சொதியைப் பற்றி. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பல் டாக்டர் ஒருவர் முதுகில் சிலிண்டரும் முகத்தில் கண்ணாடியுமாகக் கடலுக்குள் இறங்கி, பாறை இடுக்கில் ஒரு கட்டில் நீளத்துக்குக் கிடந்த அந்த மீனைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் தன் தொங்கிய உதட்டை மெல்லத் திறந்து ஒரு குமிழியை விட்டது. குமிழி ஆடி அசைந்து வந்து அவர் காதருகே உடைந்தது. உள்ளே, தன் பெயரைச் சொல்லிக்கொண்டே பேசும் ஓர் ஆண்குரல் இருந்தது. மேலே வந்து படகு விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடி, வாயிலிருந்த குழாயை எடுத்ததும் அவர் கேட்டார்.

"இங்க தர்சீஸ்னு ஒருத்தர் இருக்காருங்களா? அவரு மாமியார் சொதிக்குத் தேங்காயைக் காட்டிட்டு எடுத்துக்குவாங்களாமா. அதுக்குக் கடல் தண்ணியே தேவலைங்கறாரு."

படகோட்டி கஸ்பார் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. அத்தனை வருடம் உயிரோடு இருக்கும் ஒரு மீனுக்குச் சொல்ல ஏதாவது இருக்கத்தான் செய்யும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அவரை உறுத்தியது வேறொரு விஷயம். தர்சீஸ் அந்த வார்த்தைகளைச் சொன்னது உண்மை. சொன்ன இடம் ஆனைப்பாருக்கு நேர் மேலே. சொன்னபோது அதே வள்ளத்தின் மறுமுனையில் உட்கார்ந்து சிரித்தவர் கஸ்பார். அந்த மாமியாரோ இன்னும் திடகாத்திரமாக, அதுவும் தர்சீஸ் வீட்டிலேயே இருந்தாள்.

சிலுவைத்துறை என்கிற அந்தக் கடலோர ஊர் ஆண்களின் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் கரையில் பேசமாட்டார்கள். கரையில் பேசுவதற்குப் பெண்கள் இருந்தார்கள். மீன் ஏலம் கூறுவதும், கோயிலில் பாட்டு எடுப்பதும், பெண் கொடுப்பதும், பெண் எடுப்பதும் அவர்கள் வாயால்தான் நடந்தன. ஆண்கள் கேட்டதற்கெல்லாம் "ம்" என்றார்கள். ஆனால் வள்ளம் அலை தாண்டி, ஆனைப்பாருக்கு மேலே போய் நங்கூரம் போட்டு, வலையை இறக்கிவிட்டுச் சும்மா இருக்கும் நேரம் வந்துவிட்டால், பூட்டி வைத்திருந்ததையெல்லாம் கொட்டுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வெட்கமாக இருக்கும் என்பதால், எல்லாரும் விளிம்பில் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். அப்பன்மார் அப்படித்தான் பேசினார்கள், பாட்டன்மாரும் அப்படித்தான். அங்கே பேசியதைக் கரையில் யாரும் எடுத்துப் பேசியதில்லை. அதையெல்லாம் கீழே ஒருவர் மிகுந்த கவனத்தோடு வாங்கி விழுங்கிக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

பார் என்று அந்த ஊரில் சொல்வது கடலடியில் இருக்கும் பாறை மேட்டை. ஆனைப்பாரின் குகையில் அந்தக் களவா எப்போதிலிருந்து இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள் உயிரோடில்லை. முன்னொரு காலத்தில் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியாருக்கு அதே மாதிரி உதடு தொங்குமாம், அதனால் மீனுக்கும் உபதேசியார் என்றே பெயர். கஸ்பாரின் அண்ணன் மகள் ஜோவிட்டா அந்தமானுக்குப் போய் முங்கும் தொழில் படித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, முதல் வேலையாக அந்த மீனுக்காகத்தான் ஊர்க்கமிட்டியில் சண்டை போட்டாள். "அது இந்தப் பருமனுக்கு வளர ஒரு ஆயுசு ஆவும் சித்தப்பா," என்றாள். "வெட்டுனா ஒரு நேரக் குழம்பு. விட்டுவெச்சா அதைப் பார்க்கவே நாலு திக்கில இருந்தும் ஆளு வருவாங்க. அதுவும் தனியா இருக்காது, பின்னாலேயே எல்லா மீனும் வரும்." கமிட்டி முனகியது, இழுத்தது, கடைசியில் பெண்கள் அதட்டியதும் ஒப்புக்கொண்டது. ஆனைப்பாரைச் சுற்றி மிதவைகள் போட்டு, உள்ளே வலையும் தூண்டிலும் கூடாது என்று சரணாலயமாக்கினார்கள். சொன்னபடியே கிளிமீன் வந்தது, ஆமை வந்தது, பின்னாலேயே சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கண்ணாடி மாட்டிய மனிதர்கள் வந்தார்கள். கஸ்பார் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு அவர்களை ஏற்றி இறக்கும் படகோட்டியானார். மீன் வாய் திறக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பொழுது சாய்வதற்குள் சொதி விவகாரம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன் எப்படிப் பேசும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்து யாரைப் பற்றிப் பேசும் என்றுதான் கேட்டார்கள். தர்சீஸின் மாமியார் அன்றிலிருந்து வீம்புக்கு இரண்டு தேங்காய் திருகிப் பிழிந்து சொதி வைத்து, மருமகன் மூன்று தடவை வாங்கிக் குடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். பங்குச்சாமியாரிடம் போய்க் கேட்டதற்கு அவர் நன்றாக யோசித்து, மீன் பேசக்கூடாது என்று திருச்சபை எங்கும் சொல்லவில்லை என்றார். சொல்லிவிட்டு அவர் பெரும் சங்கடத்துக்கு ஆளானார், ஏனென்றால் உபதேசியார் சொல்லி வெளியே வருவதற்கு முன்னால் தாங்களே சொல்லிவிடுவது நல்லது என்று ஆண்களெல்லாம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் வந்து நிற்க, பெருநாளில்கூடக் காணாத அந்தக் கூட்டத்தால் அவர் மத்தியானச் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிட வேண்டியதாயிற்று.

முங்கப் போனவர்கள் ஆளுக்கொரு குமிழியோடு திரும்பினார்கள். ஒரு தடவை இறங்கினால் ஒரு குமிழிதான். ஒருமுறை கொடுத்ததை உபதேசியார் இன்னொரு முறை கொடுப்பதில்லை. பெங்களூர் பையன்கள் ஊர்த்தெருவில் நடந்து போகையில், பொருள் தெரியாமல், அறுபது வருடத்துக்கு முந்தைய வசவுகளைச் சுத்தமான உச்சரிப்பில் சொல்லிப் பழகினார்கள். அப்படித்தான் ஒருநாள் பிரான்சிலிருந்து வந்திருந்த ஒரு பெண், மீன் விற்கும் இடத்தில் நின்று, "எலே, கயித்த விட்டுராதலே, நான் இருக்கேம்லா," என்றாள். கருவாட்டுக் கூடையோடு எதிரே வந்த லொரேத்தம்மாள் அப்படியே நின்றாள். கூடையைக் கீழே வைத்தாள். கடலோடு போய்விட்ட அவள் புருஷன் பவுலீன் அந்த 'லா'வை அப்படித்தான் இழுப்பான்.

மறுநாள் காலையிலேயே அவள் ஜோவிட்டாவின் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்தாள். "என்னையும் முக்கு."

"யக்கா, மூச்சு விடப் படிக்கணும். நாளாவும்."

"அறுபது வருஷமா விட்டுக்கிட்டுத்தான இருக்கேன். இன்னும் என்னத்தப் படிக்க?"

ஆனாலும் படித்தாள். கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் தலையை முக்கி முக்கி, உப்புத் தண்ணீரைக் குடித்து, ஜோவிட்டாவைத் திட்டி, ஒருவழியாகப் பழகி, நைட்டிக்கு மேலே சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆனைப்பாருக்கு இறங்கினாள். மேலே வந்தபோது சிரித்தாளா அழுதாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. "புகையிலைப் பொட்டலத்தை எங்க வெச்சன்னு திட்டுதாரு," என்றாள். "செத்தும் அந்தப் புத்தி போகல பாரு." அதன்பிறகு தினமும் ஒரு தடவை போய்த் திட்டு வாங்கிவிட்டுத்தான் கருவாடு விற்கப் போனாள். அவள் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்து மற்றப் பெண்களும் மூச்சுவிடப் படிக்க ஆரம்பித்தார்கள். அதுவரை கடலில் கால் நனைத்ததோடு சரி என்றிருந்த ஊரில் சிலிண்டருக்கு முறை வைக்க வேண்டிவந்தது. வெளியூர்க்காரர்களுக்கு வாய்க்கு வந்ததைக் கொடுத்த உபதேசியார், ஊர்ப் பெண்களுக்கு மட்டும் ஆளைப் பார்த்து அவரவர் வீட்டுக் குரலையே கொடுத்தார். கமிட்டித் தலைவர் ரொமால்டுக்கு நீச்சல் தெரியாது என்று அவர் மனைவிக்குத் தெரிந்தது அப்படித்தான். அந்த அம்மாள் ஒரு வாரம் சிரித்தாள். பிறகு அவருக்குத் தண்ணீர் பயம் தெளிய வைக்கிறேன் என்று ஊருணிக்கு இழுத்துப் போனாள்.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்க கஸ்பாருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் மனைவி எஸ்கலின் கடற்கரையில் ஏலம் கூறுகிறவள். அவள் குரல் எழும்பினால் அடுத்த ஊர் வியாபாரி வண்டியை நிறுத்துவான். வீட்டிலும் அவளுக்கு அதே குரல்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட கேள்விகளுக்கும், சொன்ன குறைகளுக்கும், இழுத்த சண்டைகளுக்கும் கஸ்பார் "ம்" என்பதைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை. பதில் தெரியாமல் இல்லை. பதில் அவருக்குக் கொஞ்சம் தாமதமாக வரும். வாசல் தாண்டி, மணல் தாண்டி, அலையும் தாண்டியபின்தான் வரும். ஆனால் வந்துவிட்டால் அப்படி வரும். அவளுடைய ஒரு கேள்விக்கு ஒன்பது பதில், அதில் கிண்டல், அதில் நியாயம், நடுநடுவே பாட்டு. ஆனைப்பாருக்கு மேலே தனி ஆளாகக் குனிந்து உட்கார்ந்து, முப்பது வருடச் சண்டைகளில் ஒன்றுவிடாமல் அவர் ஜெயித்திருந்தார். அந்தக் கரையிலேயே அவரைப் போல வாயாடி கிடையாது. அது அவருக்கும் உபதேசியாருக்கும் மட்டும் தெரியும். அவ்வளவும் இப்போது குமிழி குமிழியாகக் கீழே கிடந்தது, எஸ்கலினோ இடுப்பளவுத் தண்ணீரில் மூச்சுவிடப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வார திங்கக்கிழம நானும் முங்குதேன்," என்றாள் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே. "நீங்க அங்க என்னதான் பேசுதியன்னு கேப்போம். பேசவே மாட்டியளோ என்னவோ. கடல்லயும் 'ம்'-முன்னுட்டு வந்தா அந்த மீனு பாவம்."

கஸ்பார் "ம்" என்றார்.

அந்த வாரக் கடைசியில் ஆண்கள் வலைக்கூடத்துக்குப் பின்னால் கூடினார்கள். ரொமால்டுக்குத் தலை இன்னும் ஈரமாக இருந்தது. "இது சரிப்படாது," என்றார். "சரணாலயமாம் சரணாலயம். அதுக்குக் காவல் போட்டு வெச்சோம், இப்ப நமக்குக் காவல் இல்ல. உபதேசியாரைத் தூண்டில் போட்டு ஏத்திர வேண்டியதுதான். ஒரு ஆளு போனாப் போதும். அவரு இருக்க இடுக்கு யாருக்குத் தெரியும்? கஸ்பாரண்ணனுக்குத்தான் தெரியும். என்னண்ணே?"

கஸ்பார் யோசித்துக்கொண்டிருந்தார். யோசனையில் வாயிலிருந்து "ம்" என்று வந்துவிட்டது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எல்லாரும் எழுந்து போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரத்தில் அவர் தனியே படகை எடுத்தார். சுறாவுக்குப் போடும் தூண்டிலும், விரல் பருமன் கயிறும், உபதேசியாருக்கு உயிரான கணவாயும் இருந்தன. மிதவைகளைத் தாண்டி உள்ளே போய் எஞ்சினை நிறுத்தினார். கணவாயைத் தூண்டிலில் மாட்டினார். கயிற்றை இறக்கப் படகு விளிம்பில் குனிந்தார். குனிந்ததுதான் தப்பாகப் போயிற்று. முப்பது வருடப் பழக்கம், தண்ணீரைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பாரும், உம்மைப் பிடிக்க என்னையத்தான் அனுப்பியிருக்கானுவ," என்று ஆரம்பித்தார். "நான் சரின்னு சொல்லல. 'ம்'-முன்னேன். இவனுவளுக்கு அர்த்தம் தெரியல. அவளுக்கும் தெரியல. நாளைக்கு அவ கீழ வாரா. நான் பேசுனதையெல்லாம் கேட்டான்னா என்னைய வீட்டுல ஏத்துவாளா சொல்லும். குத்தம் அவ மேல இல்ல. அவ கேட்டவுடனே பதில் சொல்ல எனக்கு வரல. வந்திருந்தா உம்மகிட்ட எதுக்கு வாரேன்..."

இப்படி அவர் பேசிக்கொண்டே போக, சூரியன் எழும்பித் தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்க, கீழேயிருந்து ஒரு நிழல் மெல்ல மேலே வந்தது. உபதேசியார் படகுக்கு அடியில் வந்து நின்று, தொங்கிய உதட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் கஸ்பாரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்ன ஒரு வார்த்தையையும் அந்த மீன் கீழே விடவில்லை. தான் பேசியதை இப்படி ஒரு சொல் விடாமல் உலகத்தில் வேறு யாரும் வாங்கியதில்லை என்று கஸ்பாருக்குத் தோன்றியது. கையிலிருந்த தூண்டிலைப் பார்த்தார். கணவாயை மட்டும் கழற்றித் தண்ணீரில் போட்டார். உபதேசியார் அதையும் வாங்கிக்கொண்டார்.

கரையில் காத்திருந்தவர்களிடம், "என்னால முடியாது," என்றார் கஸ்பார். கரையில் அவர் "ம்" தவிர்த்துச் சொன்ன அபூர்வமான வார்த்தைகளில் அது ஒன்று. ரொமால்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு, வெளியூரிலிருந்து ஈட்டித் துப்பாக்கிக்காரன் ஒருவனைச் செவ்வாய்க்கிழமை வரச்சொல்லியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை எஸ்கலின் இறங்கினாள். ஜோவிட்டா அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். மேலே படகில் கஸ்பார் ஒரு பக்கமாக ஒடுங்கி உட்கார்ந்து, தண்ணீரில் வரும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு, தெரிந்த ஜெபங்களையெல்லாம் சொன்னார். தெரியாததையும் பாதி சொன்னார். பிறகு இரண்டு தலைகள் தெரிந்தன. எஸ்கலின் ஏறி வந்து, கண்ணாடியைக் கழற்றி, எதிரே உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சப்ப நான் உங்கள என்ன கேட்டேன்?" என்றாள். "'ம்'-முன்னியன்னா தள்ளி விட்டுருவேன்."

"பிடிச்சிருக்கா இல்லையான்னு கேட்ட. வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிந்துரும்னு கேட்ட."

"அதுக்கு நீங்க?"

"ம்... முன்னேன்."

"கீழ வேறல்லா இருக்கு." அவள் அவர் குரலிலேயே சொல்ல ஆரம்பித்தாள். "'ஏட்டி, பச்சை எனக்குப் பிடிக்கல. கிளிக்கூண்டு மாதிரி இருக்கு. ஆனா நீ ஏணியில நின்னு, தலையில துண்டக் கட்டிக்கிட்டு அடிச்ச பாரு, அதப் பாக்கத்தான் ரெண்டு நாளு கடலுக்கே போவல. உனக்காவ ஊரு பூரா பச்சை அடிச்சாலும் சம்மதம், போ.'"

கஸ்பாரின் காது மடல்கள் சிவந்துபோயின. எஸ்கலின் முகத்தைத் துடைத்தாள். துடைத்த பிறகும் அது ஈரமாகத்தான் இருந்தது. "நான் பேசுறதுக்கு மதிப்பில்ல, அதான் பதில் இல்லன்னு நெனச்சேன்," என்றாள். "இத்தன வருஷமும் அப்படித்தான் நெனச்சேன். சொவத்தோட குடும்பம் நடத்துதேன்னு எங்க அம்மகிட்டச் சொல்லி அழுதிருக்கேன். நீங்க ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கிய. எல்லாத்துக்கும் சொன்னியளா?"

"எல்லாத்துக்கும்."

"எங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நடந்த சண்டைக்கும்?"

"அதுக்கு ஒரு வாரம் சொன்னேன்."

அவள் அந்த ஒரு வாரத்தை நினைத்துப் பார்த்தாள். அப்புறம் திடீரென்று நிமிர்ந்தாள். "அது கெடக்கட்டும். கிளிக்கூண்டா? எந்தக் கண்ணால பாத்திய? ஊருலயே லெச்சணமான வீடு நம்ம வீடு."

கஸ்பார் வாயைத் திறந்தார். எப்போதும் போல "ம்" தான் முதலில் வந்து நின்றது. ஆனால் படகு ஆனைப்பாருக்கு மேலேதான் இருந்தது, அந்த இடத்தில் அவருக்குப் பேச்சு வரும். "லெச்சணமா?" என்றார். "போன வாரம்கூட ஒரு கிளி வந்து சன்னல்ல உக்காந்து உள்ள எடம் இருக்கான்னு பாத்துட்டுப் போச்சு." எஸ்கலின் அதற்கு ஒன்று சொன்னாள், அவர் அதற்கு இரண்டு சொன்னார், அவள் நாலு சொன்னாள். கரை சேரும்வரை இருவரும் விடவில்லை. ஜோவிட்டாதான் படகை ஓட்டினாள். அவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

கரையில் கால் வைத்ததும் எஸ்கலின் ஜோவிட்டாவைக் கேட்டாள். "இந்த மீனு இன்னும் எம்புட்டு நாளு இருக்கும்?"

"தொந்தரவு பண்ணாம விட்டா நம்மள எல்லாம் அடக்கம் பண்ணிட்டுத்தான் போவும் சித்தி."

எஸ்கலின் நேரே ரொமால்டின் வீட்டு வாசலுக்குப் போனாள். ஏலக் குரலில் பேசினாள், அதனால் ஊருக்கே கேட்டது. "ரொமால்டண்ணே, எம் புருஷன் எனக்குச் சொன்ன முப்பது வருஷப் பேச்சு அந்த மீனு வயித்துக்குள்ள கெடக்கு. அது முழுசும் எனக்கு வேணும். அதுக்கு முன்னால உபதேசியாருமேல ஒரு கீறல் விழுந்துச்சு, உங்களத் தூக்கிட்டுப் போயி ஆனைப்பாருல எறக்கி விட்டுட்டு வந்துருவேன். நீந்தி வாரும்." அவளுக்குப் பின்னால் லொரேத்தம்மாளும், அவளுக்குப் பின்னால் ஊர்ப் பெண்களும், கடைசியில் இரண்டு தேங்காய்களோடு தர்சீஸின் மாமியாரும் நின்றார்கள். செவ்வாய்க்கிழமை ஈட்டித் துப்பாக்கிக்காரன் வந்தபோது மிதவைகளுக்கு அருகே சிலிண்டர் கட்டிய பெண்கள் வரிசையாக மிதந்துகொண்டிருந்தார்கள். அவன் கரையில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டான். கடலில் பேச்சைக் குறைத்துக்கொண்டு வீட்டில் கொஞ்சம் கூட்டிக்கொள்வது என்று ஆண்களும் மெல்ல மெல்லத் தேறினார்கள், ரொமால்டு உட்பட.

படகில் தொடங்கிய சண்டை பச்சை வீட்டில் அணையவே இல்லை. எஸ்கலின் வாரம் ஒரு குமிழி கேட்டு வருவாள். அந்தக் குமிழிக்கு அவள் பதில் சொல்வாள், கஸ்பார் அதற்கு மறுபதில் சொல்வார், உலையில் சோறு குழைந்துபோகும், பக்கத்து வீட்டார் இடையில் புகுந்து தீர்ப்பு சொல்வார்கள், அதையும் இருவரும் சேர்ந்து தள்ளுபடி செய்வார்கள். பதில் வருவதற்கு இப்போது அலை தாண்ட வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் காலையில் கஸ்பார் தனியாகப் படகில் போய் ஆனைப்பாருக்கு மேலே எஞ்சினை நிறுத்தினார். உபதேசியார் மேலே வந்து, உதட்டைத் திறந்துகொண்டு காத்திருந்தார். கஸ்பார் குனிந்து வெகுநேரம் யோசித்துப் பார்த்தார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் வீட்டிலேயே சொல்லிவிட்டு வந்திருந்தார்.